202 − 78: பிழையான விடை என்ன சொல்லுது?

வணக்கம். இண்டைக்கு ஒரே ஒரு கழித்தல் கணக்குத்தான். பலகையில பாருங்கோ: 202 − 78. விடை 124. உங்கட பிள்ளை தரம் 3, 4 எண்டா வீடியோவை நிப்பாட்டிப்போட்டு இதை ஒரு தாளில எழுதிக் குடுங்கோ. பக்கத்தில இருந்து ஒண்டும் சொல்லிக் குடுக்காதேங்கோ.

செய்தாச்சா? 276 வந்திருந்தா, பிள்ளை ஒவ்வொரு நிரலிலயும் பெரிய இலக்கத்தில இருந்து சின்ன இலக்கத்தைக் கழிச்சிருக்கு. எட்டில ரெண்டு போனா ஆறு, ஏழில பூச்சியம் போனா ஏழு. 202-இல இருந்து எடுத்தும் 276 மிஞ்சுதே எண்டு அதுக்குத் தட்டுப்படேல்ல. அதுக்கு உது ஒரு எண் இல்ல, தனித்தனியா மூண்டு இலக்கம்.

174 எண்டா நூறில இருந்து நேரா ஒண்டுகளுக்குத் தாவியிருக்கு. 2-ஐ 12 ஆக்கிப்போட்டு நடுப் பூச்சியத்தைத் தொடேல்ல, அங்க 7 எண்டு போட்டிட்டுது. 104 வந்தாலும் அதே தாவல்தான், "பூச்சியத்தில ஏழு போகாது, அப்ப பூச்சியம்" எண்டு விட்டிருக்கும்.

134 வந்த பிள்ளைக்கு முறை தெரியும். நூறை உடைச்சுப் பூச்சியத்தை 10 ஆக்கினது, அதில ஒண்டைப் பக்கத்துக்குக் குடுத்தது, 10-ஐ 9 ஆக்கேல்ல. சரியா 10 கூட வந்திருக்கு. கவனயீனம் எண்டு பேச முதல் ஈர்க்கில செய்விச்சுப் பாருங்கோ.

ஈர்க்கு எண்டது தென்னோலை ஈர்க்குத்தான். 12 சென்ரிமீற்றர் துண்டா வெட்டுங்கோ, ஒரு ஈர்க்கில நாலஞ்சு துண்டு வரும். 202 துண்டு வேணும். பத்துப் பத்தா எண்ணி றபர் பாண்ட் போடுறது. அப்பிடிப் பத்துக் கட்டைச் சேர்த்துப் பெரிய கட்டா ஒரு நூறு. கட்டுறது பிள்ளைதான், நீங்கள் கட்டிக் குடுக்காதேங்கோ. தான் எண்ணிக் கட்டினாத்தான் பிறகு அவிழ்க்கேக்க உள்ளுக்குப் பத்து இருக்கெண்டு நம்பும். புளியங்கொட்டை எண்ணப் பழக நல்லது, ஆனா கட்டேலாது. அதால இதுக்கு உதவாது.

இப்ப இஞ்ச பாருங்கோ. மேசையில ரெண்டு பெரிய கட்டு, தனி ஈர்க்கு ரெண்டு. நடுவில ஒண்டும் இல்ல. அந்த வெறும் இடத்தில ஒரு வெள்ளைத் தாளை வையுங்கோ, பூச்சியம் இருக்கிற இடம் அதுதான். எட்டு ஈர்க்கைத் தா எண்டு கேளுங்கோ. தனியா ரெண்டுதான் இருக்கு. பத்துக் கட்டும் இல்ல. அப்ப ஒரு பெரிய கட்டை அவிழ்க்கவேணும். அவிழ்த்தா தனி ஈர்க்கு விழாது, பத்துக் கட்டு பத்துத்தான் விழும். உதைக் கண்ணால கண்ட பிள்ளை நூறில இருந்து ஒண்டுக்குத் தாவாது. பத்துக் கட்டையும் வெள்ளைத் தாளில வைச்சு, அதில ஒண்டை எடுத்து அவிழ்த்தா தாளில மிச்சம் ஒம்பது. இந்த இடத்தில கொஞ்சம் பொறுங்கோ. "இப்ப எத்தினை கட்டு?" எண்டு கேட்டு, அது ஒம்பது எண்டு சொன்ன பிறகுதான் கொப்பியில 9 எழுதவேணும். ஒவ்வொரு அசைவுக்கும் உடனே ஒரு எழுத்து. முழுக்கணக்கையும் ஈர்க்கில முடிச்சுப்போட்டுப் பிறகு எழுதினா ரெண்டும் ஒட்டாது.

"கடன் வாங்குறது" எண்ட சொல்லை நான் பாவிக்கிறேல்ல. திருப்பிக் குடுக்காத கடன் என்ன கடன்? கட்டு அவிழ்க்கிறது எண்டு சொல்லுங்கோ. கூட்டலில பத்துச் சேர்ந்தா கட்டு கட்டுறது. ஒரே வேலையின்ர ரெண்டு பக்கம்.

சில பிள்ளையளுக்குச் சிக்கல் கழித்தலில இல்ல, எண்ணை எழுதுறதில. "முந்நூற்று ஐந்து" எண்டு சொல்லுங்கோ, 3005 எண்டு எழுதும். கேட்டதைத்தான் எழுதியிருக்கு: 300, பிறகு 5. பழைய தமிழ் எண்ணில இது ௩௱௫. நூறுக்கெண்டு தனிக் குறி இருந்ததால அங்க பூச்சியம் தேவைப்படேல்ல. இப்ப எழுதுற முறையில நூறுக்குக் குறி இல்ல, இடம்தான் இருக்கு. இதுக்கு மட்டையில மூண்டு அளவு அட்டை வெட்டுங்கோ: 300-க்கு 9 சென்ரிமீற்றர், 20-க்கு 6, 5-க்கு 3. ஒவ்வொரு இலக்கத்துக்கும் 3 சென்ரிமீற்றர். 300-இன்ர வலது ஓரத்தில 5 அட்டையை மேல வைச்சா கடைசிப் பூச்சியம் மறைஞ்சு 305 தெரியும். தூக்கினா பூச்சியம் திரும்பவும் தெரியும்.

இன்னொண்டு, ஒம்பதில கவனம். தொண்ணூறு எண்ட சொல்லுக்குள்ள நூறு கேக்குது, தொள்ளாயிரத்துக்குள்ள ஆயிரம் கேக்குது. 93-உம் 930-உம் சொல்லி எழுதிப் பழக்க ஒரு நாள் தனியா வையுங்கோ.

ஈர்க்குக்குப் பிறகு காசு, காசுக்குப் பிறகுதான் எண்சட்டம். ஈர்க்குக் கட்டு அவிழும். 10 ரூபாக் குத்தி அவிழாது, மாத்தத்தான் வேணும். எண்சட்டத்தில எல்லா மணியும் ஒரே மாதிரி, நிக்கிற கம்பிதான் பெறுமதி. சில இடங்களில எண்சட்டத்தோட தொடங்கிவிடுவினம், கெதியா வினாத்தாளுக்குப் போகலாமெண்டு. அது கூரையை முகட்டில இருந்து மேயிற கதை: முகட்டில இருந்து தொடங்கேலாது, கீழ் வரிசையில இருந்துதான் மேயவேணும்.

கடைக்காரர் மிச்சம் குடுக்கிற வழியும் சொல்லிக் குடுங்கோ: 78-க்கு 2 போட்டா 80, 20 போட்டா 100, 102 போட்டா 202. மொத்தம் 124. விடை சரிபார்க்க வடிவான வழி.

கடைசியா 1000 − 364. ஆயிரம் ஈர்க்கு வெட்டித் தள்ளாதேங்கோ, தாளில வெட்டின விளையாட்டுக் காசு காணும். ஒரு ஆயிரம் ரூபாத் தாளை மாத்தி மாத்திக் கொண்டு வந்தா 100 ரூபா ஒம்பது, 10 ரூபா ஒம்பது, 1 ரூபா பத்து. இந்த 9, 9, 10-ஐப் பிள்ளையே மேசையில அடுக்கட்டும். பிறகு 364-ஐ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கோ. 636 மிஞ்சும்.