‘தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்’: பத்தாம் அத்தியாயம் வரை பொறுத்திருங்கள்

(திரையில்: தடித்த புத்தகம், முதல் பக்கம் திறக்கிறது)

வணக்கம். ராபர்ட் ஜோர்டன் எழுதிய ‘தி வீல் ஆஃப் டைம்’ என்ற மிகைபுனைவு நாவல் வரிசையின் முதல் நூல் இது. 1990இல் வெளிவந்தது. ஒரு முன்கதையும் 53 அத்தியாயங்களும் கொண்டது. கதை நகரவே இல்லை என்று பாதியில் மூடி வைத்தவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

முன்கதை புரியவில்லையா? கவலை வேண்டாம். இடிந்த மாளிகையில் ஒருவன் மனைவியின் பெயரைச் சொல்லி அழைத்தபடி அலைகிறான். தரையில் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். அவளைத் தாண்டிப் போகும்போது அவன் மேலங்கியின் ஓரம் இரத்தத்தில் இழுபடுகிறது. தேடுவது அவளைத்தான் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பதைப்பு மனத்தில் தங்கினால் போதும்.

(திரையில்: மரங்களுக்கு நடுவே வண்டிப்பாதை)

அடுத்து எமண்ட்ஸ் ஃபீல்ட் என்ற சிற்றூர். திருவிழாவுக்கான மதுப் பீப்பாய்களை ஏற்றிய வண்டியோடு ராண்ட் என்ற இளைஞனும் அவன் தந்தை டேமும் ஊருக்கு வருகிறார்கள். பலத்த காற்று. பின்னால் கறுப்பு உடையில் குதிரைமேல் ஒருவன். ராண்டின் மேலங்கி காற்றில் படபடக்கிறது. அவனுடையது அசையவே இல்லை. ஜோர்டன் அச்சத்தை இப்படித்தான், கண்ணில் படும் ஒரு சிறு பிசகாகக் கொண்டுவருகிறார். வேகமாகப் புரட்டினால் இது கையைவிட்டுப் போய்விடும்.

ராண்டும் அவன் கூட்டாளிகளும் ஊரைவிட்டுக் கிளம்புவது பத்தாம் அத்தியாயத்தில். அதற்குள் ஊர்ப் பேச்சு, விடுதி, விழா ஏற்பாடு என்று எவ்வளவோ வருகிறது. இதை வெறும் இழுவை என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பண்ணை வீடு தாக்கப்பட்ட இரவில், காயம்பட்ட தந்தையைக் கட்டையும் போர்வையும் கொண்டு கட்டிய படுக்கையில் கிடத்தி, காட்டு வழியே இழுத்து வருகிறான் ராண்ட். காய்ச்சலில் டேம் பிதற்றும் சொற்கள் மகனின் நெஞ்சைப் பிளக்கின்றன. அந்த ஊரை நாம் நேசிக்கத் தொடங்கியிருப்பதால்தான் நமக்கும் வலிக்கிறது.

ஏறக்குறைய இருபது அத்தியாயங்களுக்கு நாம் ராண்டின் கண்வழியே மட்டும் பார்க்கிறோம். ஷடார் லோகோத் என்ற பாழ்நகரத்தில் அவர்கள் கூட்டம் சிதறிய பிறகுதான் ஊர் வைத்தியப் பெண் நைனீவ், ராண்டின் நண்பன் பெரின் ஆகியோரின் மனத்துக்குள்ளும் நுழைகிறோம். கதை விரிவது அங்கேதான்.

கேம்லின் நகரை நோக்கிய பயணத்தில் விடுதிக்கு விடுதி ஒரே மாதிரி ஆபத்துகள் வருவது உண்மையிலேயே சலிப்பூட்டும். காலமும் முன்பின்னாக மாறும். அந்தப் பகுதியை விரைந்து படிக்கலாம், தவறில்லை.

பெயர்கள் குழப்பினால் நூலின் கடைசியில் உள்ள சொல்விளக்கப் பட்டியலைப் பாருங்கள். இணையத்தில் மட்டும் தேடாதீர்கள். ஒரு பெயரைத் தட்டினாலே பத்தாம் பாகத்து மரணம்கூட வந்து நிற்கும்.

இன்னொன்று, இது முடிந்த வரிசை. 2007இல் ஜோர்டன் மறைந்தபின், அவருடைய குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று நூல்களை எழுதினார். பதினான்காம் நூல் 2013இல் வந்துவிட்டது. அதனால் நம்பித் தொடங்கலாம்.