கிளாக் இல்லாத பிளாக்கைத் தொட்டா என்ன ஆகும்? லினக்ஸ் டிரைவர் எழுதறவங்களுக்கு

வணக்கம் மக்களே. மேசை மேல பீகிள்போன் பிளாக்ங்கற போர்டு இருக்கு, உள்ள டிஐயோட ஏஎம்335எக்ஸ் சிப். ஸ்க்ரீனைப் பாருங்க. டெவ்மெம் (மெமரி அட்ரஸை நேரடியா படிக்கற டூல்) வச்சு ஐ2சி1-ஓட முதல் ரெஜிஸ்டரைப் படிக்கறேன்... பஸ் எரர். இதையே டிரைவருக்குள்ள பண்ணியிருந்தா ‘எக்ஸ்டர்னல் அபார்ட் ஆன் நான்-லைன்ஃபெட்ச்’னு கெர்னல் கத்தியிருக்கும். அட்ரஸ் சரிதான், போர்டும் நல்லாத்தான் இருக்கு. சிப்புக்குள்ள இருக்கற அந்த ஐ2சி1 பிளாக்குக்கு, அதாவது அந்த ஹார்ட்வேர் பகுதிக்கு, கிளாக் போகல, அவ்ளோதான்.

எப்படித் தெரியும்? பிஆர்சிஎம்-ல (சிப்போட பவர், ரீசெட், கிளாக்கை ஆளற இடம்) சிஎம்-பெர் பகுதி ஹெக்ஸ் 44இ00000-ல ஆரம்பிக்குது. அதோட ஹெக்ஸ் 48 சேர்த்தா ஐ2சி1-ஓட கிளாக் கன்ட்ரோல். படிச்சா ஹெக்ஸ் 30000 வருது. 17, 16 ரெண்டு பிட்டும் 1. அதாவது ஐடில் ஸ்டேட்டஸ் 3, மாட்யூல் அணைஞ்சு கிடக்கு. இப்ப கீழ் ரெண்டு பிட்ல 2 எழுதறேன். திரும்பப் படிச்சா வெறும் 2. மேல இருந்த 3 பூஜ்யமாயிடுச்சு, ஐ2சி1 பதில் சொல்லுது. இந்த வித்தையை டீபக்கோட நிறுத்திக்கங்க. இப்படிப் பின்வாசல் வழியா திறந்த கிளாக் கெர்னலோட கணக்குல ஏறாது.

ஏஎம்335எக்ஸ் நல்ல பிள்ளை, அபார்ட் கொடுத்துச் சொல்லிடுது. என்எக்ஸ்பியோட ஐ.எம்எக்ஸ் சிப்கள்ல இதையே பண்ணா பல நேரம் பஸ் அப்படியே தொங்கும். ஊப்ஸும் (கெர்னலோட எரர் மெசேஜ்) கிடையாது, சீரியல்ல ஒரு எழுத்தும் வராது. கடைசியா வந்த பிரிண்ட்டுக்கு அடுத்த ரெஜிஸ்டர் ஆக்ஸஸ் எதுன்னு தேடிப் போங்க.

சரி, டிரைவருக்கு வருவோம். லினக்ஸ்ல கிளாக்கை எல்லாம் ஒரே மாதிரி கையாள்ற காமன் கிளாக் ஃப்ரேம்வொர்க் 2012-ல 3.4 கெர்னல்ல வந்தது. அதுல ‘பிரிப்பேர்’ தூங்கலாம், ஏன்னா பிஎல்எல் (கிளாக்கை உருவாக்கற சர்க்யூட்) லாக் ஆகக் காத்திருக்கணும். ‘எனேபிள்’ தூங்காது, ஸ்பின்லாக்குக்குள்ள ஓடும். ரெண்டையும் சேர்த்துக் கூப்பிடற ‘கிளாக் பிரிப்பேர் எனேபிள்’ வசதிதான், ஆனா இன்டரப்ட் ஹேண்ட்லர்ல அதைப் போட்டா மாட்டுவீங்க.

கிளாக்கை நிறுத்தறதும் பவர் டொமைனை (சிப்ல ஒண்ணா பவர் கொடுத்து அணைக்கற பகுதி) அணைக்கறதும் ஒண்ணு இல்ல. கிளாக் நின்னா ரெஜிஸ்டர்ல எழுதினது அப்படியே இருக்கும். டொமைன் அணைஞ்சா, ரிடென்ஷன் (பவர் போனாலும் மதிப்பைப் பிடிச்சு வைக்கற வசதி) இல்லாத பிளாக்ல எல்லாம் ரீசெட் மதிப்புக்குப் போயிடும். ‘முதல் தடவை வேலை செய்யுது, கொஞ்ச நேரம் சும்மா விட்டா செத்துடுது’ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல பாக்கறது, தூங்கின டிவைஸை எழுப்பற ரன்டைம் ரிஸ்யூம் ஃபங்ஷனைத்தான். பாதி டிரைவர்ல கிளாக் மட்டும் ஆன் பண்ணியிருப்பாங்க. டிவைடர், இன்டரப்ட் மாஸ்க் எதையும் திரும்ப எழுதியிருக்க மாட்டாங்க.

ஒரு பிளாக்கை எழுப்பற வரிசைன்னு பாத்தா பொதுவா பவர், கிளாக், ரீசெட் விடுவிப்பு. ஆனா ஐ.எம்எக்ஸ்8எம்-ல டொமைன் எழும்பற நேரத்துலயே கிளாக் ஓடணும், இல்லன்னா ரீசெட் உள்ள வரைக்கும் பரவாது. அதனாலதான் டிவைஸ் ட்ரீல (போர்டுல என்ன ஹார்ட்வேர் இருக்குன்னு கெர்னலுக்குச் சொல்ற ஃபைல்) அந்த பவர் டொமைன் நோடுக்கே கிளாக் கொடுத்திருப்பாங்க. வேண்டாத வரின்னு நினைச்சு அழிச்சிடாதீங்க.

டிவைஸ் ட்ரீல ஒரே ஒரு பவர் டொமைன் குறிச்சிருந்தா, ப்ரோப்புக்கு (டிரைவர் டிவைஸை முதல்ல தயார் பண்ற ஃபங்ஷன்) முன்னாடி கெர்னலே மாட்டிடும். ரெண்டாவதா ஒண்ணைச் சேர்த்தீங்கன்னா தானா மாட்டறது நின்னுடும். முதல் டொமைனும் சேர்ந்து போயிடும்! அப்ப ‘டெவ் பிஎம் டொமைன் அட்டாச் பை நேம்’ வச்சு நீங்களே ஒவ்வொண்ணா மாட்டணும்.

இன்னொரு பழைய பள்ளம். ‘பிஎம் ரன்டைம் கெட் சிங்க்’ தோத்தாலும் யூசேஜ் கவுண்ட்டை (டிவைஸை எத்தனை பேர் பயன்படுத்தறாங்கன்னு கெர்னல் வைக்கற கணக்கு) ஏத்திடும். எரர் வந்ததும் சும்மா ரிட்டர்ன் பண்ணா அந்தக் கணக்கு இறங்கவே இறங்காது, டொமைன் அணையாது, பேட்டரி கரையும். ‘ரிஸ்யூம் அண்ட் கெட்’ போடுங்க, தோத்தா அதுவே இறக்கிடும். ஆட்டோசஸ்பெண்ட், அதாவது எவ்ளோ நேரம் சும்மா இருந்தா டிவைஸைத் தூங்க வைக்கறது, எவ்ளோ வைக்கறதுன்னு கேக்கறீங்க. கெர்னல்ல இருக்கற ஓமேப் ஐ2சி டிரைவர் 1000 மில்லிசெகண்ட் வச்சிருக்கு. ஒரு டிரான்ஸ்ஃபருக்கும் அடுத்ததுக்கும் நடுவுல உங்க டிவைஸ்ல வழக்கமா வர்ற இடைவெளியை விட அதிகமா வச்சா போதும்.

ஷேர்ட் இன்டரப்டா? பக்கத்து டிவைஸ் அடிச்சாலும் உங்க ஹேண்ட்லர் ஓடும். அப்ப உங்க பிளாக் தூங்கிட்டிருந்தா, ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிச்ச உடனே அபார்ட். ‘பிஎம் ரன்டைம் கெட் இஃப் ஆக்டிவ்’ கேளுங்க, பூஜ்யம் வந்தா ‘ஐஆர்க்யூ நன்’ (இந்த இன்டரப்ட் என்னோடது இல்ல) திருப்பிட்டு வெளிய வாங்க.

கடைசியா, பூட் பாதியில நிக்கற கேஸ். யாரும் கேக்காத கிளாக்கை எல்லாம் பூட் முடியற நேரத்துல கெர்னல் அணைக்கும். கெர்னலுக்கு முன்னாடி ஓடற யூ-பூட் ஆன் பண்ணி வச்சிருந்ததை நம்பி ஓடின டிரைவர் அங்கதான் விழும். பூட் ஆர்க்யூமென்ட்ல ‘கிளாக் இக்னோர் அன்யூஸ்ட்’ போடுங்க, டொமைனுக்கு ‘பிடி இக்னோர் அன்யூஸ்ட்’. பூட் ஏறிடுச்சுன்னா டீபக்எஃப்எஸ்-ல (கெர்னல் டீபக் தகவல் காட்டற ஃபைல் சிஸ்டம்) கிளாக் சம்மரி ஃபைலைத் திறந்து, எனேபிள் கவுண்ட் 0, ஆனா ஹார்ட்வேர் எனேபிள்ல ‘ஒய்’னு இருக்கற வரிகளை மட்டும் எடுங்க. உங்க ஆள் அதுக்குள்ளதான் இருக்கான். அந்த கிளாக்கை உரிய டிவைஸோட நோடுல சேர்த்து, டிரைவர்ல வாங்கி எனேபிள் பண்ணுங்க, அப்புறம் ஆர்க்யூமென்டைத் தூக்கிடுங்க. அதை அப்படியே விட்டு ப்ராடக்ட் அனுப்பறவங்க இருக்காங்க, பாவம் அந்த பேட்டரி. எப்பவும் அணைக்காதேன்னு சொல்ற கிரிட்டிக்கல் கொடியை டிடிஆர் மெமரி, முக்கிய பஸ் மாதிரி எந்த டிரைவரும் சொந்தம் கொண்டாடாத கிளாக்குக்கு மட்டும் வைங்க.