மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு, நடுவில் ஒரு கரையான் புற்று

(காட்சி: கோட்டை அகழி, பின்னால் மொட்டைப் பாறை மலை)

வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு, இந்தப் பக்கம் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இன்னும் இரண்டு மூன்று சேர்த்தும் சொல்வார்கள், அதையெல்லாம் இங்கே சொன்னால் கமெண்டில் சண்டை வரும், விடுங்கள். இதில் கோயில் கணக்கு 1981இலேயே நேராகிவிட்டது, ஜலகண்டேஸ்வரர் திரும்பவும் கோட்டைக்குள் வந்துவிட்டார். கோட்டைக்கு இனிமேல் அரசன் வரப்போவதில்லை. மிச்சம் மலையும் ஆறும்தான். அதை இரண்டு தனிக் குறையாகச் சொல்லிச் சிரிக்கிறோம். எனக்கென்னவோ அது ஒரே குறை என்றுதான் படுகிறது.

பள்ளிக்கூடத்தில் என்ன படித்தோம்? ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்றபடி இருக்கும், மீன் தண்ணீருக்கு ஏற்றபடி இருக்கும். சூழல் ஏற்கெனவே அங்கே தயாராக இருக்கும், உயிர் வந்து அதற்கேற்ப வளைந்துகொள்ளும், அவ்வளவுதான் பாடம். தப்பில்லை, ஆனால் பாதிக் கதை. குடிவந்த உயிர் சும்மா இருக்காது, சுவரை இடிக்கும், ஜன்னல் வைக்கும், அப்புறம் அந்த மாறிய வீடு அதையே மாற்றும். இப்படி இடத்தையே மாற்றிக் கட்டுகிற உயிர்களுக்கு 1994இல் கிளைவ் ஜோன்ஸ், ஜான் லாட்டன், மோஷே ஷாசாக் என்ற மூன்று சூழலியலாளர்கள் 'சூழல் பொறியாளர்கள்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் அந்தப் பொறியாளருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றுகிறோம்.

(காட்சி: ஏரிக்கரையில் ஆள் உயரப் புற்று)

கரையான் புற்றைத்தான் சொல்கிறேன். எங்கள் ஆயா ஆடி வெள்ளிக்கு இங்கேதான் வருவார், கையில் பால் சொம்பு, ஒரு முட்டை. உள்ளே பாம்பு இருக்கிறது என்பது அவர் கணக்கு. இருக்கலாம், ஆனால் கட்டியது அது இல்லை. பாம்பும் உடும்பும் குடிவருகிற ஆட்கள்தான், கொத்தனார் கரையான்.

கரையானின் உடம்பைப் பாருங்கள், மெல்லிய தோல், அக்னி நட்சத்திர வெயிலில் கொஞ்ச நேரம் வெளியே விட்டால் காய்ந்து செத்துவிடும். இந்த ஊர் வெயிலுக்கு ஏற்றபடி அது தன் தோலைத் தடிமனாக்கிக்கொள்ளவில்லை. கீழேயிருந்து ஈரக் களிமண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டு வந்து, எச்சில் சேர்த்து, தனக்கு வேண்டிய தட்பவெப்பத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. புற்று இருக்கும் இடத்தில் கிணறு வெட்டினால் தண்ணீர் கிடைக்கும் என்று 6ஆம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர் எழுதி வைத்திருக்கிறார். எல்லா இடத்திலும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் ஈரம் இல்லாமல் கரையான் வேலை நடக்காது என்பதால் யோசனையில் அர்த்தம் இருக்கிறது.

சரி, உள்ளே லட்சக்கணக்கில் பூச்சிகள், கூடவே ஒரு காளான் தோட்டம். அத்தனையும் மூச்சு விடுகின்றன. ஜன்னல் கிடையாது. கரியமில வாயு எங்கே போகும்?

இதற்கு விடை நம் பக்கத்து ஊரில் கிடைத்தது. பெங்களூரில் இதே மாதிரிப் புற்றுகளுக்குள் கருவி வைத்து, விஞ்ஞானி எல். மகாதேவனும் அவரோடு சேர்ந்தவர்களும் காற்றோட்டத்தை அளந்து 2015இல் வெளியிட்டார்கள். புற்றின் வெளிப்புறத்தில் விலா எலும்பு மாதிரி புடைத்திருக்கிறதே, பகலில் அந்தப் பகுதி முந்திச் சூடாகிறது, அங்கே உள்ள காற்று மேலே ஏறுகிறது, நடுவில் இருக்கும் பெரிய குழாய் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது. இரவில் வெளிப்புறம் சட்டென்று ஆறிவிடும், நடுப்பகுதி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், அதனால் சுற்று அப்படியே தலைகீழாகத் திரும்புகிறது. பகலில் உள்ளே சேர்கிற கரியமில வாயு இரவில் இந்தச் சுழற்சியில் மேலே வந்து, நுண்துளை நிறைந்த சுவர் வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. ஆகக் கூடு தரைக்கடியில் பத்திரமாக இருக்கிறது, மேலே நாம் பார்க்கும் கோபுரம் அதன் நுரையீரல். அதை இயக்குவது பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம். நாம் திட்டித் தீர்க்கிற இதே வேலூர் வெயில் கரையானுக்கு மின்விசிறி.

காளான் தோட்டம் என்றேன் இல்லையா, அது இன்னும் அழகு. காய்ந்த சருகையும் கட்டையையும் கரையானால் முழுதாகச் செரிக்க முடியாது. மென்று, கழித்து, அதை அடுக்கி, அதன்மேல் ஒரு வகைக் காளானை வளர்க்கிறது. அந்தக் காளான் கட்டையைச் சிதைத்துக் கொடுக்கும், கரையான் அதைச் சாப்பிடும். அந்தக் காளானுக்கு இப்படிப்பட்ட கூட்டை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. மழை விட்ட மாலையில் ஈசல் புறப்படும்போது பெரும்பாலும் காளான் விதையைக் கையோடு எடுத்துப் போகாது. புதுக் கூட்டில் பிறக்கும் முதல் வேலைக்காரக் கரையான்கள்தான் வெளியே போய்ப் பொறுக்கி வர வேண்டும். அதற்குத்தான் மழைக்காலத்தில் புற்றுமேல் குடை விரிகிறது, புற்றுக்காளான், கிடைத்தால் விடாதீர்கள், கறி தோற்கும். ஈசலை விளக்கு வைத்துப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்றவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள்.

(காட்சி: மலைச்சரிவு, பாறையில் வெள்ளையும் பச்சையுமாகத் திட்டுகள்)

இப்போது மொட்டை மலைக்கு வருவோம். அங்கே மரம் இல்லாததற்குப் பாறை காரணம் என்கிறோம். ஆனால் மண் என்பதே பாதி உயிர் செய்த பொருள். இந்தத் திட்டுகளைப் பாருங்கள், மளிகைக்கடையில் மசாலாவுக்கு வாங்கும் கல்பாசியின் உறவுக்காரர்கள், பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம். அமிலம் கசியவிட்டுப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அந்த இடுக்கில் தூசி, தூசியில் புல், புல் மக்கினால் இன்னும் கொஞ்சம் மண். மனித ஆயுளில் பார்த்து முடிக்க முடியாத வேகம். கலைக்க மட்டும் நாள் ஆகாது. விறகுக்கு வெட்டி, கோடையில் தீ வைத்து, துளிரை ஆடு கடித்தால், அடுத்த மழைக்கு மண் கீழே ஓடிவிடும். மண் போனால் பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரியில் அனலாகத் துப்பும். அடிவாரத் தெருக்காரர்களைக் கேளுங்கள், மொட்டை மாடியில் படுக்க முடியாது. அந்தச் சூட்டில் விழுகிற விதை முளைக்காது. மரம் இல்லாததால் சூடு, சூடு இருப்பதால் மரம் இல்லை.

சரிவில் சருகும் வேரும் இருந்தால் மழைநீர் நின்று, ஊறி, மெதுவாக ஓடைக்கு வரும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் வெள்ளம், அப்புறம் வறட்சி. பாலாறு வறண்டதற்கு இது ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பொய். நந்திமலையில் பிறந்து நம்மிடம் வருவதற்குள் வழியெல்லாம் தடுப்பணை, வந்த பிறகு மணல் கொள்ளை. ஆனால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி வழுக்கி ஓடும் மலைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

(காட்சி: பாலாற்றுப் படுகையில் சீமைக்கருவேலங் காடு)

தண்ணீர் நின்றுபோன படுகைக்கு இவர் வந்தார். அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலத்துக்காரர், 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். இனிப்பான நெற்றை ஆடு தின்னும், விதை சாணியோடு உரம் சகிதம் இறங்கும். வெட்டினால் கட்டையிலிருந்து நாலு கிளை. புதர் வண்டலைப் பிடித்து நிறுத்தும், படுகையில் மேடு உண்டாகும், மேட்டில் இன்னும் புதர், வெள்ளம் வந்தால் போக வழியில்லாமல் கரையைக் கடிக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பது மட்டும் வாட்ஸ்அப் கதை, அதை நம்பாதீர்கள். ஆணிவேர் ஆழமாகப் போகும் என்பதும், நிழலில் மற்றச் செடிகளை எளிதில் எழவிடாது என்பதும் உண்மை. வேரில் இருக்கும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது என்பதும் உண்மை. வில்லனாக மட்டும் காட்டினால் வீடியோ நன்றாக ஓடும், ஆனால் அது சரியில்லை.

ஏனென்றால் இந்த வீடியோவை எடுக்கப் போனபோது அடிவாரத்தில் ஒன்றைப் பார்த்தேன். கரையான் விட்டுப்போன பழைய புற்று, மழையில் பாதி கரைந்து கிடக்கிறது. கீழேயிருந்து கொண்டுவந்த அந்த நைசான மண்ணில் ஒரு வேப்பங்கன்று, முழங்கால் உயரம். சுற்றிலும் இரண்டு மூன்று கருவேல முள் இருப்பதால் ஆட்டுக்கு வாய் எட்டவில்லை. பக்கத்தில் யாரோ மஞ்சள் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த ஆடிக்குப் பால் ஊற்ற அந்தப் பக்கம் போகிறவர்கள், கூடவே ஒரு சொம்பு தண்ணீரும் எடுத்துப் போங்கள்.