பாடும் கௌபாயும் படப்பெட்டியும்

விழாத் தலைவர் பேராசிரியர் ஐயா அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் தந்துதவிய பள்ளித் தாளாளர் அம்மையார் அவர்களே, திரைப்படச் சங்கச் செயலாளர் அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நாம் சற்றுமுன் பார்த்த, 1939இல் வெளிவந்த 'தி ப்ரான்ஸ் பக்கரூ' (The Bronze Buckaroo, 'வெண்கல நிறக் கௌபாய்') என்ற அமெரிக்கப் படத்தின் இசை, சிக்கனம் ஆகிய இரண்டையும் பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று நான் மேடைதோறும் சொல்லி வருவதை நீங்கள் அறிவீர்கள். அதையும் சேர்த்துக்கொள்ள அனுமதியுங்கள்.

நாயகன் ஹெர்ப் ஜெஃப்ரீஸ், ஏர்ல் ஹைன்ஸின் ஜாஸ் குழுவில் பாடியவர். அவர் பேட்டிகளில் சொல்லிவந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. தெருவில் ஒரு கறுப்பினச் சிறுவன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். விசாரித்தபோது, கௌபாய் விளையாட்டில் தான் அந்நாளைய கௌபாய் பட நாயகர் டாம் மிக்ஸாக இருக்க ஆசைப்பட்டதாகவும், டாம் மிக்ஸ் கறுப்பர் அல்லர் என்று கூட விளையாடிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் மறுத்துவிட்டதாகவும் சொன்னான். பெரியோர்களே, அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அமெரிக்க மேற்கில் ஆயிரக்கணக்கான கறுப்பினத்தார் கௌபாய்களாக மாடு மேய்த்து உழைத்திருக்க, திரை மட்டும் அவர்களை மறைத்தது. ஜெஃப்ரீஸ் பேசாமல் இருந்துவிடவில்லை. தயாரிப்பாளர் ஜெட் புயெலைத் தேடிப் போனார். 1937இல், கறுப்பினத்தாரே நடித்த கௌபாய் படமான 'ஹார்லெம் ஆன் தி பிரெய்ரி' பிறந்தது.

இன்றைய படம் அந்த வரிசையில் வந்தது. கறுப்பினத் தம்பதியர் நடத்திய, கலிபோர்னியாவின் மர்ரே பண்ணை விடுதிதான் படப்பிடிப்புக் களம். 'ஃபோர் டோன்ஸ்' குழுவினரின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது பெரிய இசைக்குழு இல்லாத குறையே தெரிவதில்லை. அக்குழுவின் லூசியஸ் புரூக்ஸ்தான், பேசும் என்று நம்பி ஏமாந்து ஒரு கோவேறு கழுதையை வாங்கும் டஸ்டியாகவும் நம்மைச் சிரிக்க வைத்தார். ஆளுக்கு இரண்டு வேலை என்பதே அந்தச் சிக்கனத்தின் இலக்கணம்.

இதில் நடித்த ஸ்பென்சர் வில்லியம்ஸ், 1941இல் 'தி பிளட் ஆஃப் ஜீசஸ்' படத்தை இயக்கினார். அதன் பிரதி 1983இல் டெக்சாஸின் டைலர் நகரக் கிடங்கு ஒன்றில் கிடைத்தது. தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் அல்லவா கிடைத்தது! நம் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் சுருள் கிடைக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

எனவே, கொட்டகை நடத்திய குடும்பத்தினர் பரணில் படப்பெட்டி இருந்தால் நம் செயலாளரிடம் இன்றே பெயர் கொடுங்கள். சுருளைப் பிரித்து வெயிலில் காய வைக்காதீர்கள். புளித்த வாடை வந்தாலும் குப்பையில் எறியாதீர்கள். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.