நேரடி விற்பனைக் குழுவின் முதல் 30 நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கடை வைக்காமல் வாடிக்கையாளரை நேரில் சந்தித்து விற்கும் நேரடி விற்பனையில் ஒரு குழுவை உருவாக்கி நடத்துவது பற்றிப் பேசும்படி அழைத்திருக்கிறார்கள். இத்துறையில் குழு என்றதும் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். கூட்டங்களில் கைதட்டல் கிடைப்பதும் அந்த எண்ணிக்கைக்குத்தான். நான் கேட்கும் கணக்கு வேறு. குழுவுக்கு வெளியே இருந்து, இரண்டாம் முறையும் பொருள் வாங்கிய வாடிக்கையாளர்கள், குழுவில் எத்தனை பேருக்கு இருக்கிறார்கள்? அந்தக் கணக்கைக் கேட்கும் தலைவரின் குழுதான் ஓராண்டு கழிந்த பின்னும் குழுவாக இருக்கும்.

கடைகள் இருக்கும்போது ஒருவர் வீடு தேடி வந்து விற்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் டப்பர்வேர் பிளாஸ்டிக் டப்பாக்கள் தொடக்கத்தில் கடைகளில் தேங்கிக் கிடந்தன. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றி இறுக மூடும் விதத்தை யாராவது செய்து காட்டினால் ஒழிய அந்தப் பொருளின் சிறப்பு விளங்கவில்லை. பிரௌனி வைஸ் என்ற பெண்மணி, வீடுகளில் அக்கம்பக்கத்தவரைக் கூட்டி, அதைச் செய்து காட்டி விற்று வந்தார். 1951இல் நிறுவனம் கடை விற்பனையைக் கைவிட்டு, வீட்டு விற்பனைப் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தது. ஆகவே, புதிதாகச் சேர்ந்தவருக்குத் தலைவர் முதலில் கற்றுத்தர வேண்டியது, பொருளைக் கையில் எடுத்துச் செய்து காட்டுவதை. வருமானத்தைப் பற்றிய பேச்சை அவரே பிறகு கேட்பார், கேட்காமல் இருக்கமாட்டார்.

சேர்ந்த முதல் 30 நாட்கள் மிக முக்கியமானவை. தெரிந்தவர்களின் பெயர்களை எல்லாம் எழுதிப் பட்டியல் போடச் சொல்லி, "பேசிவிட்டுச் சொல்லுங்கள்" என்று விட்டுவிடுவது பரவலான வழக்கம். அப்படி விடப்பட்டவர், இரண்டு மூன்று உறவினர்கள் முகத்துக்கு நேரே மறுத்ததும் சோர்ந்துவிடுவார். அதன் பிறகு தலைவர் தொலைபேசியில் அழைத்தாலும் எடுக்கமாட்டார். அதற்குப் பதிலாக, முதல் சில சந்திப்புகளுக்குத் தலைவர் உடன் செல்ல வேண்டும். முதல் சந்திப்பில் தலைவர் பேசுவார், புதியவர் கவனிப்பார். அடுத்ததில் செயல்விளக்கத்தை மட்டும் புதியவரிடம் விடலாம். அதற்கடுத்ததில் முழுப் பேச்சும் புதியவருடையது.

இந்த மூன்றாம் சந்திப்புதான் தலைவருக்குக் கடினமானது. புதியவர் விலையை மறந்து தடுமாறுவார், பையில் விலைப்பட்டியலைத் தேடுவார், வாடிக்கையாளர் தலைவரின் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் தலைவர் விலையைச் சொல்லிவிட்டால், எஞ்சிய கேள்விகள் எல்லாம் தலைவரிடமே வரும்; புதியவர் மறுபடியும் உடன் வந்தவராகிவிடுவார். பட்டியல் கிடைக்கும் வரை தலைவர் வாய் திறக்காமல் இருப்பதே அங்கே செய்யக்கூடிய பெரிய உதவி. வெளியே வந்த பின், தவறுகளை அடுக்காமல், அடுத்த முறைக்கு ஒன்றே ஒன்றைத் திருத்திக்கொள்ளச் சொன்னால் போதும்.

விற்ற பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். கைபேசியில் குறித்தாலும் சரி. வாங்கியவர் பெயர், பொருள், வாங்கிய தேதி, அது தீர்ந்துபோகும் உத்தேச நாள் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்த நாளைத்தான் பலர் எழுதுவதில்லை. பொருள் தீருவதற்குச் சில நாட்கள் முன்பு, "பயன்படுத்திப் பார்த்தீர்களா, எப்படி இருக்கிறது?" என்று விசாரிப்பவருக்கு அடுத்த ஆர்டர் கிடைக்க வாய்ப்பு உண்டு. தலைவர் வாரம் ஒருமுறை தம் குழுவினருடன் உட்கார்ந்து பார்க்க வேண்டியது இந்த நோட்டைத்தான். அதில் குழுவினரின் பெயர்களே திரும்பத் திரும்ப இருந்தால், அங்கே விற்பனை நடக்கவில்லை என்று பொருள்.

சரக்கைத் தலையில் கட்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். மாத இறுதியில் இலக்கை எட்டுவதற்காக, குழுவினரைத் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கிக் குவிக்கச் சொல்லும் தலைவர்கள் இருக்கிறார்கள். 1979இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஆம்வே என்ற நேரடி விற்பனை நிறுவனத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பு இந்த இடத்தில் பயனுள்ளது. அந்நிறுவனம் பிரமிடு திட்டம், அதாவது பொருள் விற்பனையைவிட ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் மோசடி, அன்று என்று ஆணையம் முடிவு செய்ததற்கு அதன் விதிகள் காரணமாயின: வாங்கிய சரக்கில் குறைந்தது 70 விழுக்காட்டை விற்றிருக்க வேண்டும், மாதந்தோறும் 10 வாடிக்கையாளருக்காவது விற்றதைக் காட்ட வேண்டும், விலகுபவரின் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவை அவை. அதே தீர்ப்பு, வருமானத்தை மிகைப்படுத்திக் காட்டியதற்காக அந்நிறுவனத்தைக் கண்டிக்கவும் தவறவில்லை. தம் நிறுவனம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு தலைவர் தம் குழுவுக்கு இம்மூன்றையும் விதியாக்கிக்கொள்ளலாம். விற்றுத் தீர்ந்த பின் வாங்குங்கள் என்று சொல்வதால் தலைவரின் அந்த மாதக் கமிஷன் குறையத்தான் செய்யும். ஆனால் வீட்டில் அட்டைப்பெட்டிகள் அடுக்கிக் கிடக்க, வீட்டாரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் குழுவை விட்டுப் போகிறவர்கள் இருக்கமாட்டார்கள்.

கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சுருக்கமாக நடத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே விலை மாற்றம் புதைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலர் விலகவே செய்வார்கள். வேறு வேலை கிடைத்திருக்கலாம், உடல்நிலை ஒத்துழைக்காமல் போகலாம், இந்தத் தொழிலே பிடிக்காமலும் போகலாம். அவர்களைப் பாதியில் விட்டு ஓடியவர்கள், தைரியமில்லாதவர்கள் என்று குழுவில் பேசக் கூடாது. பேசினால் அடுத்து விலக நினைப்பவர் உண்மையைச் சொல்லாமல் மறைந்துவிடுவார். சேர வேண்டிய கமிஷனைத் தீர்த்து, திறக்காத பொருட்களைத் திருப்பி அனுப்ப உதவி செய்து, அவருடைய வாடிக்கையாளர்களை இனி யார் கவனிப்பது என்பதை அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் சம்மதித்தால், அந்த வாடிக்கையாளர்களிடம் இனி கவனிக்கப்போகிறவரை அவரே நேரில் அறிமுகப்படுத்தி வைக்கட்டும்.