ஆர்சனிக்கைப் பிடிக்கும் பாக்டீரியா: புரதம் மட்டும் போதாது

[திரையில்: ஈ.கோலை பாக்டீரியாவின் செல், குறுக்குவெட்டு]

குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. உலோகத்தைப் பிடிக்கும் புரதத்தின் மரபணுவை பாக்டீரியாவில் சேர்த்தால், தண்ணீரில் இருக்கும் ஆர்சனிக்கை அது செல்லுக்குள் சேர்த்துக்கொள்ளும். ஆனால் நல்ல புரதத்தைப் போட்டும் பல சோதனைகள் சறுக்குவது ஏன்?

முதலில் வழியைப் பாருங்கள். நீரில் ஆர்சனிக் ஆர்சனைட், ஆர்சனேட் என்ற இரு வடிவங்களில் இருக்கும். நடுநிலை நீரில் ஆர்சனைட்டுக்கு மின்னூட்டம் இல்லை. கிளிசரால் நுழையும் ஜிஎல்பிஎஃப் என்ற புரத வாசல் வழியாகவே அதுவும் நுழைகிறது. ஆர்சனேட் பாஸ்பேட்டை ஒத்திருப்பதால் பாஸ்பேட்டின் பாதையில் போகும். உள்ளே ஆர்ஸ்-சி நொதி அதை ஆர்சனைட்டாக மாற்ற, ஆர்ஸ்-பி பம்ப் உடனே வெளியே தள்ளிவிடும். ஆகவே ஆர்ஸ்-பி நீக்கப்பட்ட இனத்தை எடுங்கள். அது ஆர்சனிக்கைத் தாங்காது என்பதால், ஆர்சனிக் இல்லாத ஊடகத்தில் வளர்த்த பிறகே சோதனை நீரில் விட வேண்டும்.

[திரையில்: மூன்று கந்தக அணுக்கள், நடுவில் ஆர்சனிக்]

புரதத்துக்கு எங்கள் தேர்வு ஆர்ஸ்-ஆர், பாக்டீரியா ஆர்சனிக்கை உணரப் பயன்படுத்தும் புரதம். இதன் 32, 34, 37ஆம் இடங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களின் கந்தகம் ஆர்சனைட்டை முக்காலிபோல் தாங்கிப் பிடிக்கும். 2004இல் வெளியான ஆய்வில், இதை மிகுதியாக உற்பத்தி செய்த ஈ.கோலை, அப்படிச் செய்யாத செல்களைவிட 60 மடங்கு ஆர்சனைட்டைச் சேர்த்தது. ஆர்சனேட்டிலோ 5 மடங்குதான். உலோகங்களைப் பிடிக்கும் மெட்டலோதயோனின் என்ற புரதமும் ஆர்சனிக்கைப் பிடிக்கும், ஆனால் அது சிறியது என்பதால் புரதங்களை வெட்டும் செல்லின் புரோட்டியேஸ்கள் அதைச் சிதைத்துவிடும். அதைப் பெரிய புரதம் ஒன்றோடு இணைத்தே உற்பத்தி செய்யுங்கள்.

வளர்ப்பு எளிது. செல்கள் பெருகியதைக் காட்டும் ஒளி அடர்த்தி 0.6 வந்ததும், புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஐபிடிஜியை 0.1 மில்லிமோலார் சேர்த்து, 25 டிகிரியில் இரவு முழுக்கக் குலுக்குங்கள். 37 டிகிரியில் விட்டால் புரதம் கட்டிகட்டியாகத் திரண்டு வேலைக்கு ஆகாமல் போகலாம்.

அடுத்து, செல்களைக் கழுவும் கரைசல். பாஸ்பேட் பஃபர் வேண்டாம். ஆர்சனேட் நுழையும் பாதையை அதுவே அடைத்துக்கொள்ளும். சிஸ்டீன்களைக் காக்க டிடிடி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கும் பழக்கமும் இங்கே ஆபத்து: டிடிடியில் இருக்கும் கந்தகமே ஆர்சனைட்டைப் பிடித்துக்கொள்ளும். குளோரைடு இல்லாத 10 மில்லிமோலார் ஹெப்பெஸ் பஃபர், பிஹெச் 7, இரண்டு முறை. போதும்.

[திரையில்: நிறமாலையில் 75இல் ஒரு முகடு]

குளோரைடை ஏன் தவிர்க்கிறோம்? அணுக்களை நிறையால் இனங்கண்டு அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஆர்சனிக்கின் நிறை 75. கருவியின் ஆர்கானும் (40) மாதிரியில் மிஞ்சிய குளோரினும் (35) சேர்ந்தால் அதுவும் 75! இல்லாத ஆர்சனிக் இருப்பதாகக் காட்டும். செல்களை நைட்ரிக் அமிலத்தில் கரையுங்கள், ஹைட்ரோகுளோரிக்கில் அல்ல. அந்தப் போலி முகட்டைக் குறைக்கும் ஹீலியம் மோதல் அறையையும் இயக்குங்கள்.

புரத மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) கொண்ட அதே இனத்தையும் கூடவே ஓட்டுங்கள். பம்ப் இல்லாததாலேயே ஓரளவு ஆர்சனிக் சேரும். அதைக் கழித்தால்தான் புரதத்தின் பங்கு தெரியும்.

செல்களை ஆல்ஜினேட் (கடற்பாசிக் கூழ்) மணிகளில் அடைத்தால் நீரிலிருந்து பிரிப்பது சுலபம். பாஸ்பேட் அதிகமுள்ள நீரில் மட்டும் மணிகள் இளகும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கால்சியத்தை பாஸ்பேட் இழுத்துவிடுவதால். பயன்படுத்திய மணிகளை ஆட்டோகிளேவில் வைத்தால் பாக்டீரியாதான் சாகும். உள்ளே இருக்கும் ஆர்சனிக் குறையாது. ஆர்சனிக் கழிவு என்று எழுதிய மூடிய கலனிலேயே அவற்றைச் சேருங்கள்.