எச்ஐவி சிலரிடம் ஏன் மெதுவாக நகர்கிறது?

வணக்கம். எச்ஐவியையும் மரபணுவையும் சேர்த்துப் பேசினாலே எல்லோரும் சிசிஆர்5 என்ற பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்தப் புகழுக்குக் காரணம் இருக்கிறது. வைரஸ், நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 செல்லுக்குள் நுழையப் பெரும்பாலும் சிசிஆர்5 மரபணு உருவாக்கும் புரதத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. அந்த மரபணுவில் 32 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுவிட்டால், புரதம் செல்லின் மேற்பரப்புக்கே வராது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்கு எச்ஐவி தொற்றுவது மிக அரிது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குத் தொற்றும். ஆனால் நோய் சற்று நிதானமாக முற்றும். 1996-இல் தெரியவந்த சங்கதி இது. ஆனால் இரண்டு பிரதிகளும் இப்படி அமைந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரிலேயே நூற்றுக்கு ஒருவர்தான். மற்ற உலகத்துக்கு இதனால் என்ன?

எனக்கு இதைவிடச் சுவையாகத் தெரிவது எச்எல்ஏ-பி என்ற இன்னொரு மரபணு. மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருப்பவர்களையும், அது முடியாதவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. மரபணுத்தொகுதி முழுவதையும் அலசியும், உறுதியான வேறுபாடுகள் எல்லாம் ஆறாவது குரோமோசோமில், எச்எல்ஏ மரபணுக்கள் இருக்கும் பகுதியிலேயே வந்து நின்றன.

தொற்றிய செல், உள்ளே இருக்கும் வைரஸின் துணுக்குகளை எச்எல்ஏ புரதங்கள் மூலம் வெளியே காட்டும். அதைப் பார்த்து டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் தாக்கும். எந்தத் துணுக்கு காட்டப்படும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எச்எல்ஏ-பி மரபணுவின் பி57 வகை உள்ளவர்களிடம், வைரஸின் உள்கூட்டைக் கட்டும் புரதத்தின் துணுக்குகள் வெளிவருகின்றன. அந்த இடத்தை மாற்றிக்கொண்டு வைரஸ் தப்பலாம், தப்பத்தான் செய்கிறது. ஆனால் கூடே தளர்ந்து, பெருகும் வேகம் குறைகிறது. தப்பினாலும் நொண்டிக்கொண்டுதான் ஓட வேண்டும்! பி27 வகையிலும் இதே கதை. பி35-இன் சில வகைகளிலோ நோய் விரைந்து முற்றுகிறது.

'அப்படியானால் பி57 இருப்பவருக்கு மாத்திரை வேண்டாமா?' வேண்டும். அந்த வகை இருந்தும் நோய் முற்றியவர்கள் பலர். மரபணு எதுவானாலும் தொற்று உறுதியானதும் சிகிச்சையைத் தொடங்குவதே 2015 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இந்தப் பி57-க்கு இன்னொரு முகமும் உண்டு. அதன் ஒரு பிரிவான பி*57:01 உள்ளவர்களுக்கு அபகாவிர் என்ற எச்ஐவி மருந்து கடுமையான ஒவ்வாமையைத் தரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை எழுதுவதற்கு முன் மருத்துவர் மரபணுப் பரிசோதனை கேட்பது இதற்காகத்தான்.